பள்ளிக்கூடமா? வீட்டுக்கூடமா?

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி)

கல்வி என்றால் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் என்றால் கல்வி என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணி வளர்ந்திருக்கிறோம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்கு வாய்ப்பு நேர்ந்ததில்லை. ஆனால் இன்று சில பெற்றோர் பிரித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். "கல்வி வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டாம். எங்கள் பிள்ளைக்கு வீட்டிலேயே நாங்கள் சொல்லிக் கொடுத்துக் கொள்கிறோம்" என்கிறார்கள். வீட்டுவழிக் கல்வி என்று இதற்குப் பெயர். பெருநகரங்களில் வாழும் வசதி படைத்தோரின் பேச்சாக இருந்த இது, கைப்பேசியின் வழியாக இப்போது நம் மலையடிவாரத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் அக்காளின் மகனுக்கு வயது எட்டு. பேசும்போது திக்கும். அவன் படித்து வந்த ஆங்கிலவழித் தனியார் பள்ளியொன்றில் வாசிக்க எழுந்து நின்றால் சொல் வராது, வகுப்பே சிரிக்கும், அந்தச் சிரிப்பை அடக்க வேண்டியவர்களும் சில நாள் சேர்ந்து சிரித்தார்கள். விளைவு, காலையில் சீருடையைக் கண்டாலே பிள்ளைக்கு வாந்தி. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அத்தான், பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளை வளர்க்கும் குடும்பங்களைப் பற்றிய படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "இவனை நிறுத்திவிடுவோம், வீட்டிலேயே படிக்கட்டும்" என்றார். அக்கா என்னிடம் கேட்டாள்: "ஏட்டி, நீ காலேஜுல படிக்கியல்லா, நீ சொல்லு. இவன விடணுமா, நிறுத்தணுமா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம்தான் வரும். ஒரு வீட்டின் கேள்வியாக வந்தாலும் இது நம் நாட்டின் கேள்வியும் ஆகும் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் என் கருத்தை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் உடன்பயிலும் தோழர் தோழியர் முன்னும் வைக்கத் துணிந்தேன்.

பள்ளிக்கூடம் வந்த வழி

குமரி மாவட்டத்துக்குக் கல்வி புதிதன்று. விளவங்கோட்டுப் பகுதியில் உள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு சாலையை நிறுவினான். உண்டு உறைந்து பயிலும் சாலை அது. அதில் 95 மாணவர்களுக்கு இடம் ஒதுக்கியதையும், அவர்கள் நடந்துகொள்ள வேண்டிய விதிகளையும் செப்பேடு கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடுதியுடன் கூடிய கல்விக்கூடம் இங்கிருந்தது என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அந்த 95 இடங்களும் வேதம் ஓதுவோர்க்கு உரியவை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். உழுதவனுக்கும் பனையேறியவனுக்கும் அங்கே இடமில்லை.

அவர்களுக்கெல்லாம் அன்று கிடைத்தது என்ன? வீட்டுவழிக் கல்விதான்! தகப்பன் பனையேறினால் மகனும் ஏறக் கற்றான். தாய் நாற்று நட்டால் மகளும் நடக் கற்றாள். அதில் அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காற்றைப் பார்த்துக் கடலில் வலை போடுவதும், அடிமுறையும் வர்மமும் ஆசானிடமிருந்து சீடனுக்கு வந்ததும் அறிவுதான். ஆனால் அந்த அறிவு பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தது.

1806-இல் மயிலாடிக்கு ரிங்கல்தௌபே வந்தார். அதன் பின் எழுத்தறிவு எட்டாதிருந்த மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தோன்றின. 1817-இல் திருவிதாங்கூர் இராணி கௌரி பார்வதிபாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். 1818-இல் வந்த மீட் பாதிரியார் நாகர்கோவிலைக் கல்வி நகராக்க அடித்தளமிட்டார். மார்த்தா மோல்ட் அம்மையார் பெண்பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தும் கற்பித்தார். கூடவே லேஸ் பின்னலும் கற்பித்தார். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. அந்தப் பெண்பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வந்ததால்தான் எழுத்துக் கற்றார்கள். வீட்டிலேயே இருந்திருந்தால்?

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழகத்திலேயே முதலிடம். மாநிலத்தின் எழுத்தறிவு அப்போது 80.09 விழுக்காடு. இந்த இடைவெளியை உண்டாக்கியவை நடந்து செல்லும் தூரத்தில் எழுந்த பள்ளிக்கூடங்கள் அல்லாமல் வேறு எவை?

பாதி நாள் பள்ளி

வீட்டையும் பள்ளியையும் பங்கு போடும் யோசனை தமிழகத்தில் முன்பே ஒருமுறை எழுந்தது. 1953-இல் இராஜாஜி முதல்வராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாளில் ஒரு நேரம் மட்டும் பள்ளிக்கு வந்தால் போதும், மற்ற நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றொரு திட்டம் வந்தது. இடப் பற்றாக்குறைக்கும் ஆசிரியர் பற்றாக்குறைக்கும் அது தீர்வு என்று சொல்லப்பட்டது. பெரியாரும் மற்றவர்களும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். நாம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் – கொச்சியில் இருந்ததால் அந்தத் திட்டம் நம் ஊர்களுக்கு வரவில்லை. ஆனால் அந்த விவாதம் நமக்கும் பாடம்தான்.

என் தந்தை பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, தண்ணீர் சேர்த்து, தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு, உறைந்ததும் உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பார். எவ்வளவு பாலுக்கு எவ்வளவு ஆசிட் என்பது அவர் கைக்குத் தெரியும். அளவுக் குவளை வேண்டியதில்லை. எனக்கும் சிறுவயதிலேயே அது தெரிந்துவிட்டது. ஆனால் அது ஏன் உறைகிறது என்பதை என் வீடு எனக்குச் சொல்லவில்லை. சொல்ல அதற்குத் தெரியாது. ரப்பர்ப் பால் ஒரு கூழ்மம், அதில் மிதக்கும் நுண்துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டு ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன, அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கும்போது அவை ஒன்றுகூடித் திரள்கின்றன என்று நான் அறிந்தது வகுப்பறையில். அப்பா முப்பது ஆண்டுகளாகக் கையாண்ட ஆசிட்டின் பெயர் பார்மிக் அமிலம், எறும்பு கடித்தால் எரியச் செய்வதும் அதே அமிலம்தான் என்று சொன்னபோது அவர் சிரித்தார். "அப்பம் இத்தன நாளா எறும்புகூட சகவாசமா?" என்றார்.

அம்மா அண்டி ஆபீசுக்குப் போகிறவர். முந்திரியின் ஓட்டு எண்ணெய் பட்டுப்பட்டு அவர் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அதில் உள்ள அனகார்டிக் அமிலம் தோலைப் பொள்ளச் செய்யும் என்பதும் நான் படித்தறிந்ததே.

இதை எதற்காகச் சொல்கிறேன்? வீடு செயலைக் கற்பித்தது. பள்ளி காரணத்தைக் கற்பித்தது. எல்லா வீடுகளும் ஒன்றல்ல. மருத்துவரின் வீட்டிலும் பேராசிரியரின் வீட்டிலும் செயலும் காரணமும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கலாம். அவர்கள் பிள்ளைக்குப் பள்ளி இல்லாவிட்டாலும் நூலகம் இருக்கும். பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கோ பள்ளிக்கூடம்தான் நூலகம், அதுவே ஆய்வுக்கூடம், அதுவே உலகத்தைக் காட்டும் சாளரம். "வீட்டிலேயே படிக்கட்டும்" என்ற சொல் இரண்டு வீடுகளிலும் ஒரே பொருள் தருவதில்லை.

வீட்டில் கற்ற பெரியோர்

இதற்கு மறுமொழியாக அத்தான் பெரியவர்களின் பெயர்களைச் சொன்னார். நியாயமான வாதம், அதையும் பார்ப்போம். கவி தாகூர் பள்ளியை வெறுத்தார். கல்கத்தாவில் தம் வீட்டிலேயே ஆசிரியர்களிடம் கற்றார். நம் நாகர்கோவிலில் வாழ்ந்த எழுத்தாளர் சுந்தர ராமசாமி (1931–2005) நோயினால் பள்ளிப் படிப்பைச் சரிவரத் தொடர முடியாமல் போனவர். தமிழ் எழுதப் படிக்கத் தம் 18-ஆம் வயதளவில்தான் கற்றார். அவரே பின்னாளில் தமிழ் உரைநடையின் முன்வரிசையில் நின்றார். ஆகவே பள்ளி இல்லாமல் மேதை இல்லை என்று வாதிட நான் வரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாகூரின் வீட்டில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வைக்க வசதி இருந்தது. அப்படி இருந்தும் அவர் பள்ளியே வேண்டாம் என்று முடிவு கட்டவில்லை. 1901-இல் சாந்திநிகேதனில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் வெறுத்தது நான்கு சுவர்களுக்குள் அடைக்கும் பள்ளியை. அதற்கு அவர் கண்ட மாற்று மரத்தடியில் நடக்கும் பள்ளி.

எல்லாவற்றிலும் நமக்குப் பெரிய பாடம் காந்தியடிகளின் வீடு. தென்னாப்பிரிக்காவில் தம் பிள்ளைகளை வெள்ளையரின் பள்ளிக்கு அனுப்ப அவர் விரும்பவில்லை. தம் பிள்ளைகளுக்கு மட்டும் சலுகையாகக் கிடைப்பது மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதே என்று எண்ணினார். தாமே கற்பிக்க முனைந்தார். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் கையேட்டை வைத்துத் தாம் கற்ற சிறிதளவு தமிழைக் கொண்டு அவர்களுக்குத் தமிழ் கற்பித்தார் அடிகள். எவ்வளவு உயர்ந்த உள்ளம்! ஆயினும் பொதுவேலைகளுக்கு நடுவே தம் பிள்ளைகளுக்கு வேண்டிய நேரத்தைத் தம்மால் ஒதுக்க முடியவில்லை என்பதையும், ஏட்டுக் கல்வி கிடைக்காத குறை அவர்களுக்கு இருந்தது என்பதையும் அவரே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மூத்த மகன் ஹரிலால் 1911-இல் தந்தையை விட்டுப் பிரிந்து, முறையான படிப்பைத் தேடி இந்தியா திரும்பினார். காந்தியடிகளைவிடச் சிறந்த உள்ளமும் ஒழுங்கும் உடைய ஆசிரியர் நம் வீடுகளில் கிடைப்பாரா? அவருக்கே நேரம் போதவில்லை என்றால் காலையில் கடைக்கும் ஆலைக்கும் போகும் நம் பெற்றோருக்கு எப்படிப் போதும்?

சட்டம் சொல்வது

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தைப் பார்த்தாலும் தெளிவு கிடைக்கிறது. 2002-இல் அரசியலமைப்பில் செய்யப்பட்ட 86-ஆம் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கான சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை கூறப்படவில்லை. வீட்டில் கற்பிக்க விரும்புவோருக்கு வழிமுறையும் அதில் வகுக்கப்படவில்லை. கட்டாயம் உண்டு, தண்டனை இல்லை. உரிமை பிள்ளைக்கு, கடமை பெற்றோருக்கும் அரசுக்கும். இந்த இடைவெளியில்தான் வீட்டுவழிக் கல்வி நடந்து வருகிறது.

பிற நாடுகளில் இரண்டு முனைகளும் உண்டு. ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வது கட்டாயம். வீட்டிலேயே கற்பிக்க அனுமதி கேட்ட பெற்றோரின் முறையீட்டை 2006-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்கவில்லை. அமெரிக்காவிலோ 50 மாநிலங்களிலும் வீட்டில் கற்பிப்பது சட்டப்படி செல்லும்; சில மாநிலங்களில் தேர்வும் மேற்பார்வையும் உண்டு, சிலவற்றில் ஏறத்தாழ ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் பள்ளி செல்லாதவர்க்குத் தேர்வு எழுத வழிகள் இருக்கின்றன. 1979-இல் ஒரு சிறு திட்டமாகத் தொடங்கி, 1989-இல் தனி நிறுவனமாகி, இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்ற பெயரில் நடப்பது ஒன்று. அதில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேரலாம். நம் மாநிலத்தில் பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை நிறுத்தினால் அடுத்த நான்கைந்து ஆண்டுகள் அவன் கற்கிறானா இல்லையா என்று கேட்பார் எவரும் இல்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

வீட்டில் கற்பது யாருக்கு உண்மையில் தேவை? கடுமையான ஊனமும் பலவகை ஊனமும் உள்ள பிள்ளைகளுக்கு. 2012-இல் சட்டத்தைத் திருத்தி, அவர்கள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை வழங்கினார்கள். இது பெற்றோரே பார்த்துக் கொள்ளட்டும் என்று கைகழுவுவது அல்ல. ஆசிரியர் அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பது. பிள்ளையால் பள்ளிக்கு வர இயலாதபோது பள்ளி பிள்ளையிடம் செல்வது. இவ்வகை வீட்டுவழிக் கல்வியை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன். இது பள்ளியின் நீண்ட கை.

யார் தலையில் சுமை?

இனிப் பலரும் பேசாத ஒன்றைப் பேச வேண்டும். வீட்டில் கற்பிப்பது என்றால் வீட்டில் யார்? அத்தான் வளைகுடாவில். அம்மா அண்டி ஆபீசில். மீதி அக்கா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். தையல் இயந்திரம் வைத்து ஊராருக்குத் துணி தைத்துக் கொடுக்கிறாள். அவள் கையில் விழும் பணம் அது ஒன்றுதான். பிள்ளையை நிறுத்தினால் தையலும் நிற்கும். "பெற்றோர் கற்பிப்பார்கள்" என்று படங்களில் சொல்வதற்கு நம் ஊரில் பொருள், "தாய் வேலையை விடுவாள்" என்பதே. ஆண்மக்கள் இதை எளிதாக முன்மொழிந்து விடுகிறார்கள். செய்து முடிக்க வேண்டியவளோ பெண்.

பெண்பிள்ளைகளின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டால் முதலில் வீட்டில் நிறுத்தப்படுவது யார்? தம்பி பள்ளிக்குப் போவான். அக்கா வீட்டில் "படித்துக்கொண்டே" சோறு வடிப்பாள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் ஒரே கைப்பேசி. மலைச்சரிவில் ஏறி நின்றால்தான் அலை கிடைக்கும். காலை வேளையில் பாடம் வரும். அதே வேளையில்தான் பால் எடுக்கவும் ஆள் வேண்டும். நான் எதற்குப் போயிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் நாட்டின் பிள்ளைகள் எல்லோருமே வீட்டுவழியில்தான் கற்றார்கள். யாருடைய வீடு எத்தகையது என்பது அப்போது வெளிச்சமாயிற்று. அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. மாலை வேளையில் ஊரிலுள்ள தன்னார்வலர் ஒருவர் இருபது பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்வி வீட்டைத் தேடி வந்தது. ஆனால் பிள்ளைகளை ஒன்றுகூட்டியே கற்பித்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அத்தான் சொல்வதிலும் உண்மை உண்டு

இவ்வளவும் சொன்னபோது அத்தான் கைப்பேசியில் கேட்ட ஒரு கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. "கட்டணம் வாங்கியது பள்ளி. ஆனால் தினம் இரவு ஒன்பது மணி வரை வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பது உன் அக்கா. புரியாததற்கு டியூஷன். செய்முறைக்கு அட்டையும் பசையும் வாங்கி ஒட்டுவதும் உன் அக்கா. பள்ளிக்கூடம் என்ன செய்தது? பிள்ளையைப் பயமுறுத்தியது. அதை மட்டும் நிறுத்துவோம் என்கிறேன்."

மறுக்க முடியுமா? இன்று பல பள்ளிகள் பாதிப் பாடத்தை வீட்டுக்கே அனுப்பிவிடுகின்றன. வீட்டில் படித்த தாய் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு மாலையில் ஓய்வும் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு நடக்கின்றன. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையின் வீட்டில் அந்தத் தாய்க்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். வீட்டுப்பாடம் முடிக்காத குற்றத்துக்கு வெளியே நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் சோம்பேறிகள், எத்தனை பேர் சொல்லித்தர ஆளில்லாதவர்கள் என்று எண்ணிப் பார்த்தவர் உண்டா? நானும் நின்றவள்தான்.

ஆகவே என் கருத்து இதுதான். வீடு பள்ளியின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. அதேபோல், பள்ளி தன் வேலையை வீட்டின் தலையில் ஏற்றவும் கூடாது. முதலாவதைச் செய்தால் ஏழைப் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவதைச் செய்தால் பள்ளிக்குள் இருந்தும் பின்தங்கும்.

பிள்ளையை இகழ்வதும் சிறிய குற்றமன்று. உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்க அஞ்சுவார்கள். கேட்பதைவிட நிறுத்திவிடுவது எளிது என்று எண்ணுவார்கள். ஆனால் ஒரு பிள்ளையை விலக்கிக்கொண்டால் அந்த வகுப்பில் அடுத்து திக்கும் பிள்ளைக்கு என்ன வழி?

முடிவெடுக்குமுன் ஐந்து கேள்விகள்

பிள்ளையை வீட்டில் வைத்துக் கற்பிக்க எண்ணும் பெற்றோர் கீழ்க்கண்டவற்றைத் தங்களிடமே கேட்டுக்கொள்வது நன்று.

1. நாம் விட விரும்புவது பள்ளிக்கல்வியையா, இந்த ஒரு பள்ளியையா? இரண்டாவது என்றால் வேறு பள்ளி பார்ப்பதே முதல் மருந்து.

2. கற்பிக்கப் போகிறவர் யார்? நாளும் நான்கு மணி நேரம் அவருக்கு உண்டா? அதற்காக அவர் இழக்கப்போகும் வருமானத்தையும் வெளியுலகத்தையும் வீட்டிலுள்ள மற்றவர்கள் கணக்கில் எடுத்தார்களா?

3. நமக்குத் தெரியாத பாடத்தைப் பிள்ளை கேட்கும் வயதில் யாரிடம் அனுப்புவோம்? எட்டு வயதுக் கணக்கு நமக்கு வரும். பதினான்கு வயது அறிவியல் வருமா?

4. வேறு சாதி, வேறு மதம், வேறு தொழில் உடையவர் வீட்டுப் பிள்ளைகளோடு நம் பிள்ளை ஒன்றாய் உட்கார்ந்து உண்ண இடம் எது? 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பசியை மட்டும் போக்கவில்லை. ஒரே வரிசையில் உட்கார வைத்தன. இந்தப் பாடத்தை எந்த வீடும் தனியே நடத்த முடியாது.

5. திரும்பி வர வழி வைத்திருக்கிறோமா? எந்தத் தேர்வு, எந்த வயதில், எந்தச் சான்றிதழ், அது கல்லூரியிலும் வேலையிலும் ஏற்கப்படுமா என்பதைத் தொடங்குமுன் எழுத்தில் கேட்டறிந்தோமா?

இவை ஐந்துக்கும் நல்ல விடை உடைய வீடு இருக்கலாம். அந்த வீட்டைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. அங்கே பிள்ளை நன்றாகவே வளரும். அந்த வீடுகளையும் அரசு பதிவு செய்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளை கற்றிருக்கிறதா என்று பார்க்க வழி செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். தடுப்பதற்காக அல்ல, கைவிடப்படாமல் இருப்பதற்காக.

எங்கள் வீட்டில் இரண்டாம் கேள்வியிலேயே வாயடைத்துப் போனோம். முதல் கேள்வியே விடையும் தந்தது. கடந்த ஜூன் மாதம் அக்கா மகனை நடந்து போகும் தூரத்தில் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்த்தோம். திக்குவதற்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் காட்டி வருகிறோம். அவன் வகுப்பாசிரியை முதல் நாளே ஒரு வழி கண்டார். வாசிக்கும்போது தனியே நிறுத்தாமல் இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்க வைத்தார். சேர்ந்து வாசித்தால் அவனுக்குத் திக்குவதில்லை! இதை மூன்று ஆண்டுகளாக எவரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் நாங்களும் கண்டுபிடிக்கவில்லை. தனியே பேசினால் இன்னும் திக்கத்தான் செய்கிறது. ஆனால் காலையில் வாந்தி இல்லை. அத்தானுக்கு முழு நிறைவு இல்லை. "ஒரு வருசம் பாப்போம்" என்கிறார். பார்க்கட்டும். கேள்வி கேட்கும் தகப்பன் இருப்பது பள்ளிக்கும் நல்லதே.

நம் கடமை

தோழர்களே, தோழியரே! நம் வகுப்புகளில் என்னைப் போல் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள் பலர். ஊரில் நமக்கு ஒரு பெயர் உண்டு: "காலேஜுக்குப் போற பிள்ளை." அந்தப் பெயருக்குக் கடனும் உண்டு. பேருந்து விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபின் மாலையில் ஒரு மணி நேரம், பக்கத்து வீடுகளில் சொல்லித்தர ஆளில்லாத இரண்டு பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டி வைத்து, அவர்களின் வீட்டுப்பாடத்துக்குத் துணை நின்றால் என்ன? 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் கிளை நம் கல்லூரியிலும் இருக்கிறது. முகாமின்போது ஏழு நாள் சாலை சீரமைக்கும் நாம், ஆண்டு முழுவதும் இரு பிள்ளைகளைச் சீராக்கினால் அது நற்பணி ஆகாதா?

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு பணிவான விண்ணப்பம். இங்கே பயின்று நாளை ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறவர்கள் எங்களில் பலர். திக்கும் பிள்ளையையும், பிந்தி வரும் பிள்ளையையும், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையையும் எப்படி நடத்துவது என்பதை எந்தப் பாடநூலைவிடவும் உங்கள் வகுப்பறையிலிருந்துதான் நாங்கள் கற்றுக்கொண்டு போவோம்.

பள்ளிக்கூடம் என்ற சொல்லில் "கூடம்" இருக்கிறது. கூடுவதற்கான இடம் அது. நம் முன்னோர் அந்த இடத்தின் வெளியே நின்று உள்ளே நுழையப் போராடினார்கள். உள்ளே நுழைந்துவிட்ட நாம், அது சரியில்லை என்றால் சரி செய்வோம். வெளியே போவது மட்டும் நம் வழியாக வேண்டாம்.